தூணில் ஒரு காது

எண்பத்துநாலாம் வருஷத்து மத்தியானம். வெளியே சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் பஸ்கள் உறுமுகின்றன. மாதா கோயிலின் வெள்ளையடித்த கல்தூண்களுக்குள் ஈரம் எங்கே ஊறுகிறது என்று பார்க்க, வெப்பத்தைப் படமாக்கும் கேமராவைத் தோளில் சுமந்து வந்திருக்கிறார் இன்ஜினியர் புஷ்பராணி. பின்னாலேயே ஃபாதர் நடக்கிறார். கோயிலைத் திறந்து பூட்டிப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை மரியஅந்தோணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. இடுப்புச் சாவிக்கொத்து தானாகக் கிணுகிணுக்கிறது. வேலை நேரத்தில் இன்னொரு தடவை தூங்கினால் வேறு ஆள் பார்ப்பதாக ஃபாதர் போன வாரம்தான் சொன்னார். அந்தோணியோ, ஐந்து நிமிஷம் முன்புவரை நாலாவது தூணில் சாய்ந்து மோட்சத்தில் இருந்தார். இப்போது கேமரா நாலாவது தூணுக்குத் திரும்புகிறது. கறுத்த திரையில் வெள்ளையாய் ஒரு தோள், ஒரு கன்னம், ஒரு காது. மெழுகுவத்தித் தண்டு துடைக்கும் ரோசம்மா எட்டிப் பார்த்து, சிலுவை போட்டு முழங்காலிடுகிறாள். "யாரோ புனிதர் வந்திருக்காரு லா."

"யாரோ சாஞ்ச சூடும்மா. கொஞ்சத்துல ஆறிடும்," என்கிறார் புஷ்பராணி. ஆறித் தொலையேன் என்று அந்தோணி தூணை மனசுக்குள் கெஞ்சுகிறார். கை பின்னால் நீண்டு மின்விசிறிச் சுவிட்சைத் துழாவுகிறது. தோள் மங்குகிறது. கன்னம் கரைகிறது. காது மட்டும் போவேனா என்கிறது. ஃபாதர் மெதுவாகத் திரும்பி அந்தோணியின் வலது காதைப் பார்க்கிறார். அதில் அப்பியிருக்கிறது சுண்ணாம்பு.

"உள்ள காலியா இருக்கான்னு காதை வச்சுக் கேட்டேன் ஃபாதர்."

"என்ன கேட்டுச்சு?"

அந்தோணியின் முகத்தில் ஒரு சுருக்கமும் அசையவில்லை.

"குறட்டை, ஃபாதர். தூண் நல்லாத் தூங்குது."