எல்லைச் சுவர்

"எங்க மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னே பதினாலு அடிக்குச் சுவர் எழுப்பியிருக்கான் சார்!"

கட்டட அனுமதிக் குழுவின் முன்னால் வெர்னா பொரிந்து தள்ளினாள்.

பாலைவன நகரமான டூசானுக்கு வெளியே கள்ளிக்காட்டு நடுவில், பழைய தகர டிரெய்லர் வீட்டில் அவளும் கணவர் டெல்பெர்ட்டும் இருபது வருஷமாகக் குடியிருந்தார்கள். போன குளிர்காலத்தில்தான் மேற்குப் பக்கத்து மனையில் எஸ்டெபான் என்ற கட்டடக் கலைஞன் தனக்கென்று வீடு கட்டினான். தாழ்வான கூரை, சுற்றிலும் கண்ணாடி. அதை எல்லையிலிருந்து தள்ளிக் கட்டிவிட்டு, வெர்னா வீட்டை ஒட்டி எல்லையில் மட்டும் மண்ணை இடித்து இறுக்கி இந்த மொட்டைச் சுவர்.

"பத்திரிகைக்காரங்க வந்து படம் எடுக்கிற வீடு. பக்கத்துல எங்க தகரம் தெரிஞ்சா துரைக்கு அசிங்கம்! என் வீட்டுக்காரர் நுரையீரல் கெட்டு, மூக்குல குழாயோட படுத்திருக்காரு. ஜன்னல் வழியா சூரியன் மறையறதைப் பார்க்கிறது ஒண்ணுதான் அவருக்கு மிச்சம். அதையும் பிடுங்கிட்டான் பாவி!"

குழுத் தலைவர் எஸ்டெபான் பக்கம் திரும்பினார். "அனுமதி நாலடிக்குத்தானே? ஏன் ஏத்தினீங்க?"

"காரணம் இருக்கு சார். அதை நான் சொல்றதுக்கில்லை."

"பார்த்தீங்களா? என்னத்தைச் சொல்லுவான்!" என்றாள் வெர்னா.

சொல்லாத காரணத்தைக் குழு எப்படி ஏற்கும்? தீர்ப்பு அவள் பக்கம். மே மாதக் கடைசியில் இயந்திரம் வந்து பத்தடியை இடித்துத் தள்ளியது. அனல் அப்போதே நூறு டிகிரியைத் தாண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் வெர்னா துள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"டெல்! ஜெயிச்சுட்டோம்! உன் சூரியன் திரும்பி வந்தாச்சு, பாரு!"

ஜன்னல் திரையை விலக்கினாள். வெயில் நேராகக் கட்டிலில் விழுந்தது. டெல்பெர்ட் கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். மூச்சு இழுத்தது.

"போன ஜூன்ல ரெண்டு தடவை ஆம்புலன்ஸ் வந்துச்சே, மறந்துட்டியா?" என்றார் மெதுவாக.

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அவன் முதல்ல போட்ட வீட்டுப் பிளான்ல சுவரே கிடையாது வெர்னா. கிழக்கே மலை தெரியணும்னு ஆசை ஆசையா அந்தப் பக்கம் பூரா கண்ணாடி வச்சிருந்தான். எனக்காக அந்தக் காட்சியை விட்டுக்கொடுத்தான்."

"உனக்காகவா?"

"உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அவன்கிட்ட சத்தியம் வாங்கினேன். சர்ச்ல குடுத்த ஏசியையே பிச்சைன்னு திருப்பி அனுப்பினவளாச்சே நீ. குழுவே உன் மனுவைத் தள்ளிடும்னு நம்பினேன். தள்ளலை. அப்புறமாவது சொல்லியிருக்கணும்... வெட்கம் வாயைக் கட்டிப்போட்டுடுச்சு."

வெர்னா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு கோடையைத் தாண்ட மாட்டேன், சாயங்கால வெயில் படாம கொஞ்சம் நிழல் குடு தம்பின்னு அவன்கிட்ட கையேந்தினதே நான்தாம்மா."