எண்ணெய் நெஞ்சு

“நெஞ்சப் பிடிச்சது நீ. பீடி குடிக்கதும் நீ. இதுல என்னியப் படுக்கச் சொல்லுதியே—”

“ஏலே, நாளு பூரா நாற்காலியில இருக்கவன் நீயா நானா? மொதல்ல ஒன் நெஞ்சக் காட்டுலே—”

குற்றாலம் ஐந்தருவிச் சாலையில், இலவச இருதய முகாம் நடந்த கல்யாண மண்டபத்து வாசலில் அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவர் பேச்சை மற்றவர் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அண்ணன் சிவனணைந்தபெருமாளுக்கு வாசுதேவநல்லூரில் எலுமிச்சைத் தோப்பு. தம்பி வேல்ராஜுக்குச் சென்னையில் பதினாலாவது மாடி.

இருவரும் இடுப்பில் துண்டும் உடம்பெல்லாம் எண்ணெயுமாக நின்றார்கள். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்து முடிப்பதற்குள் வெள்ளம் வந்துவிட்டது. போலீஸ் விசில் ஊதிக் குளிக்கத் தடை போட்டுவிட்டது.

எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் முதுகில் தட்டியபோதுதான் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். வலியைவிட, அவர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்ததுதான் தம்பியைப் பயமுறுத்தியது.

வாயு என்றார் அண்ணன்.

ஊர்ப்பக்கம் யாருக்கும் மாரடைப்பே வருவதில்லை, எல்லாருக்கும் வாயுதான், அதிலேயே போயும் சேர்ந்துவிடுகிறார்கள் என்றார் தம்பி.

நின்ற இடத்திலேயே ஓடுவதற்கு மெஷின் வாங்கிப் போட்டு, அதன்மேல் துணி காயப்போடுகிறவர்கள் அதைச் சொல்லக் கூடாது என்றார் அண்ணன்.

பீடி, புகையிலை, கருவாடு, தட்டோரத்தில் தனி உப்பு என்று தம்பி அண்ணன்மேல் அடுக்கினார். லிப்ட், போனில் வரவழைக்கும் பிரியாணி, மேலதிகாரி கூப்பிட்டால் வீட்டுக்குள்ளேயே எழுந்து நின்று பேசும் பதற்றம் என்று அண்ணன் திருப்பி அடுக்கினார். சர்க்கரை இருவருக்கும் உண்டு. அதை மட்டும் இருவருமே விட்டுவிட்டார்கள்.

அண்ணன் மனைவி யோகலட்சுமி, இருவருடைய துணிமணிகளையும் போன்களையும் தம்பியின் அடி எண்ணும் கடிகாரத்தையும் ஒரே பையில் சுமந்துகொண்டு பின்னால் நின்றாள். காலையில் கொழுந்தனுக்கு உப்பில்லாமல் ஒரு சட்னி, கணவருக்கு உப்புத் தூக்கலாக ஒரு சட்னி அரைத்திருந்தாள். மீந்தது இரண்டும் அவளுக்கு. அவள் மட்டும் எண்ணெய் தேய்த்துக்கொள்ளவில்லை. பையை யார் பார்ப்பது?

உள்ளே நர்ஸ் ஜெனி அண்ணனைப் படுக்க வைத்து, ஈசிஜி மெஷினின் ரப்பர் குமிழை நெஞ்சில் பொருத்தினாள். அது வழுக்கி விலாவுக்குப் போனது. இரண்டாவதைப் பொருத்துவதற்குள் முதலாவது கட்டிலுக்கடியில் உருண்டது. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க எண்ணெய் ஊறியது. ஒருவழியாகத் தாளில் வந்த கோடு, குற்றால மலையைக் குழந்தை வரைந்தது போல இருந்தது.

தம்பியைப் படுக்க வைத்தாள். அதே மலை, இன்னும் கொஞ்சம் உயரமாக.

தம்பியின் மலை உயரம் என்பதில் அண்ணனுக்கு ஒரு திருப்தி.

கோளாறு எண்ணெயிலா மெஷினிலா என்று தெரியாமல் ஜெனி, எண்ணெய் படாத ஆள் யாராவது உண்டா என்று கேட்டாள். சோதித்துப் பார்க்கத்தான். அண்ணன் பின்னால் கையைக் காட்டினார். அவளுக்கு ஒரு நோயும் கிடையாது, அவளுக்குப் போட்டுப் பாருங்கள் என்றார்.

யோகலட்சுமி பையைக் கணவர் கையில் கொடுத்துவிட்டுத் திரைக்குள் போனாள். அது இவ்வளவு கனம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. தரையில் வைத்துவிட்டார்.

பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. புளியங்குடியில் எண்பது வயதிலும் பீடி குடிக்கிற ஒருவரை அண்ணன் சாட்சிக்கு அழைத்தார். அவரோடு பீடி குடித்தவர்கள் எங்கே என்று தம்பி கேட்டார்.

திரைக்குள் மெஷின் ஓடி நின்றது. மறுபடி ஓடி நின்றது. டாக்டர் உள்ளே போனார். ஆம்புலன்ஸ் வாசலுக்கு வரட்டும் என்று சொல்வது கேட்டது. அண்ணன் குரலை உயர்த்திப் பேசியதில், அவர்கள் இருவருக்கு மட்டும் அது கேட்கவில்லை.

டாக்டர் தாளோடு வெளியே வந்தார். கோடு அச்சடித்தது போலத் தெளிவாக இருந்தது. மெஷினில் ஒரு கோளாறும் இல்லை.

வாதாடிக்கொண்டிருந்த இருவரையும் தாண்டி, வாசல்வரை யாரையோ தேடினார்.

“உள்ள இருக்க அம்மாகூட வந்தவங்க யாரு?”