தோட்டாக் காகிதம்

அமெரிக்க விடுதலைப் போர்; கனெக்டிகட் கரைக்கு எதிரே பிரிட்டிஷ் கப்பல்கள் நிற்கின்றன. ஊரில் தோட்டா சுற்றக் காகிதம் இல்லை. வெடிமருந்து இருப்பதால் அடுப்பை அணைத்துவிட்ட சமையலறையில், போன மாதச் சண்டையில் இறந்த தன் கணவர் கேப்டன் எலியாசரின் காகிதங்களை ஹெப்சிபா மேசையில் எடுத்து வைக்கிறாள். உத்தரவுகளும் வருகைப் பட்டியல்களும் தீர்ந்துவிட்டன. சாய்ந்து விழும் மாலை வெயிலில் சார்ஜென்ட் ஒபதியா குச்சியில் காகிதத்தைச் சுற்றுகிறான், ஈயக் குண்டை வைத்து நூலால் கட்டுகிறான், அந்தக் காகிதக் குழலுக்குள் மருந்தைக் கொட்டுகிறான். இனி மிச்சம், கணவர் அவளுக்கு எழுதிய கடிதங்கள்தான். "கேப்டன் கையெழுத்தா இது? கோழி கிளறின மாதிரில்ல இருக்கு! செஞ்சட்டை போட்ட பிரிட்டிஷ்காரன் கையில கெடச்சாலும் ஒண்ணும் புரியாது" என்கிறான். அவள் சிரிக்கிறாள். சிரிப்பு பாதியில் உடைந்து கண் நிறைகிறது.

"அம்மா, தள்ளிக்குங்க. ஈரம் பட்டா மருந்து வீணாப்போயிரும். அந்தக் கடைசிக் கடுதாசிய வேணா நீங்களே வெச்சுக்குங்க."

"அதுல எத்தனை தோட்டா சுத்தலாம்?"

"நாலு வரும்."

ஹெப்சிபா வாசலுக்குப் போகிறாள். முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, நனைந்த கைகளை மிச்சமிருக்கும் வெயிலில் நீட்டியபடி நிற்கிறாள். இரண்டும் நன்றாக உலர்ந்த பிறகு திரும்பி வந்து, கடிதத்தை மடிப்பு வழியே கிழிக்கிறாள்.