சாகவிடாத ஆட்டம்

புது வீடியோ கேம் கன்சோலின் கண்ட்ரோலரில் ஒரு குச்சியும் ஒரு பொத்தானும் மட்டுமே இருந்தன. பள்ளி நாளிலிருந்து அதைச் செய்த நிறுவனத்தின் ஆட்டங்களை ஆடியே காய்த்துப்போன இன்பராஜின் கட்டைவிரல்கள், இல்லாத பொத்தான்களைத் தேடி வழுக்கின.

“சும்மா பொழுதுபோக்குக்கு ஆடுறவங்கதான் சார் இனி எங்களுக்கு வேணும். இதுல யாரும் தோக்கவே முடியாது,” என்றாள் நிறுவன அதிகாரி மெர்லின். “பழைய கன்சோல நிறுத்தக் கூடாதுன்னுதானே வந்திருக்கீங்க? இந்த ஆட்டத்துல ஒரே ஒரு தடவ செத்துக் காட்டுங்க. அத நிறுத்த மாட்டோம்.”

எந்தப் புது ஆட்டத்திலும் அவன் முதலில் செய்வது உச்சியிலிருந்து குதிப்பதுதான். சாவு எப்படி வருகிறதென்று தெரிந்தால்தான் அவனுக்கு ஆட்டம் பிடிபடும். திரையிலிருந்த குட்டி வீரனைக் குதிக்கவைத்தான். ஒரு மேகம் வந்து ஏந்திப் பாதையில் இறக்கிவிட்டது. நெருப்புக்குள் தள்ளினான், நெருப்பு விலகிக்கொண்டது. பகைவன் முன்னால் சும்மா நிறுத்தினான். பகைவன் வாளைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டான்.

இன்பராஜுக்கு வேர்த்துக் கொட்டியது. இவ்வளவு கஷ்டமான ஆட்டத்தை அவன் ஆடியதே இல்லை. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் மற்ற அதிகாரிகள் எழுந்து நின்றுவிட்டார்கள். கோட்டை வாசல் தெரிந்தது. வீரன் உள்ளே நுழைந்தால் ஆட்டத்தில் வெற்றி, பந்தயத்தில் தோல்வி. கண்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டு இன்பராஜ் கைகளைக் கட்டிக்கொண்டான்.

வீரன் நின்றான்.

வீரன் மெல்லத் திரும்பி இன்பராஜை ஒருமுறை பார்த்தான். பிறகு தானாகவே வாசலை நோக்கி நடக்கத் தொடங்கினான்.