ஈரம் காயாத பச்சை

எஸ்த்ரெமதூரா மாகாணத்தின் மத்தியான வெயில் மரஜன்னல் இடுக்கு வழியாக நுழைந்து, மாளிகைக் கூடத்துச் சுவரில் தீட்டியிருக்கும் வம்ச மரத்தின் மேல் கோடு கோடாக விழுகிறது. முந்நூறு வருஷத்துப் பிரபுக் குடும்பம். உயிரோடு இருப்பவருக்குப் பச்சை இலை, செத்தவருக்குக் கறுப்பு. ஏணியில் நிற்கும் ஓவியன் எலெயுத்தேரியோ கறுப்பைக் குழைத்துக்கொண்டே கேட்கிறான். "யாருக்குங்க எசமான்? கோர்தோபா ஊர் அத்தையம்மா ஒருவழியா போய்ச் சேந்துட்டாங்களா?" நாற்காலியில் இருக்கும் கிழட்டுப் பிரபு சிரிக்கவில்லை. அவருடைய கைத்தடி மெல்ல உயர்ந்து உச்சிக் கிளையில் ஓர் இலையைக் காட்டுகிறது. மூத்த மகன் பெல்த்ரானின் இலை. அதை ஒட்டி இளையவன் காஸ்பாரின் இலை. நேற்றுத்தான் அதைப் பெரிதாக்கச் சொன்னார், பச்சை இன்னும் ஈரமாக மினுங்குகிறது. தூரிகை அந்தரத்தில் நிற்கிறது. "பெரியவருக்கா? காலையில தம்பியோட வேட்டைக்குக் கிளம்பினாரே! என்னப் பாத்துக் கையக்கூட ஆட்டினாருங்க." பிரபு ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக் காத்திருக்கிறார். தூரத்துக் கருவாலி மரத் தோப்பில் ஒரே ஒரு வெடிச் சத்தம் கேட்கிறது. அதுவரை குரைத்துக்கொண்டிருந்த வேட்டை நாய்கள் அடங்கிவிடுகின்றன. "தீட்டுப்பா," என்கிறார் பிரபு. "தூக்கிட்டு வர்றதுக்குள்ள காயணும்."