கடைசிப் பக்கத்துக்கு அப்புறம்

ஜப்பானில் நர்ஸ் வேலைக்குப் போக, செல்வகுமாரிக்கு அம்மாவின் சம்மதம்தான் பாக்கி. மொழி பழக, அகராதி தொடாமல் எளிய கதைகளாக வாசித்துத் தள்ளச் சொல்லியிருந்தார்கள் ஜப்பானிய வகுப்பில். உறுவையாறு கிராமத்து வீட்டில் தினமும் சாயங்காலம் ஜப்பானிய மொழியில் சத்தமாக வாசிப்பாள். தமிழே எழுத்துக்கூட்டத் தெரியாத அம்மா தையலம்மாள் பக்கத்தில் கடலை உரிப்பாள். ஜப்பானிய மொழியில் ஒரு வார்த்தை தெரியாவிட்டாலும், சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரிப்பாள்.

நாற்பதாவது புத்தகம் அன்றுதான் தபாலில் வந்தது. கடைசிப் பக்கம் புரட்டுவதற்கு முன்பே அம்மா அழுதாள். புரட்டினால், கதையில் ஒரு தாயின் மகளை ஏற்றிக்கொண்டு ரயில் கிளம்பியிருந்தது.

"இன்னாம்மா?"

"மேல படிடி. அந்தப் பொண்ணு நல்லபடியா போய்ச் சேந்துச்சா?"

கதை அத்தோடு முடிந்திருந்தது. அடுத்தது வெள்ளைத்தாள். அதைப் பார்த்தபடி செல்வகுமாரி ஜப்பானிய மொழியில் தானாகவே சொல்லிக்கொண்டு போனாள்: அறை சிறியது, ஜன்னல் உண்டு, அம்மாவுக்குத் தினமும் போன் செய்கிறாள்.

"அப்ப சரி, போயிட்டு வா," என்றாள் தையலம்மாள்.