குன்னூருக்கு மூன்று பேர்

"அப்படின்னா நானும் கூடப் போறேன்" என்றாள் பத்மாம்பாள்.

மோர் ஊற்ற வந்த மருமகள் கனகமணியின் முகம் வாடிப்போயிற்று.

கல்யாணமாகி ஐந்து மாதம். திண்டிவனத்தில் மல்லாட்டை (வேர்க்கடலை) மண்டி வைத்திருந்த தரணேந்திரனின் வீட்டில் எந்நேரமும் பதினைந்து பேர். கனகமணியும் அவள் புருஷன் ஜீவகனும் தனியாக நாலு வார்த்தை பேசவேண்டுமானால் கிணற்றடிக்குத்தான் போகவேண்டும். அங்கேயும் யாராவது துணி துவைத்துக்கொண்டிருப்பார்கள்.

அப்போதுதான் குன்னூரிலிருந்து கடிதம் வந்தது. ஜீவகனின் சிநேகிதன் அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் குமாஸ்தா. 'பங்குனி வெயிலில் ஏனப்பா வேகிறாய்? சனி, ஞாயிறு மனைவியோடு வந்துவிட்டுப் போ. நாங்கள் பட்டப்பகலில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்' என்று எழுதியிருந்தான்.

ஜீவகன் போர்டு ஸ்கூல் வாத்தியார். அந்த வாரம் வெள்ளிக்கிழமை அரைநாள்தான், திங்கட்கிழமையும் லீவு. சாப்பிடும்போது தயங்கித் தயங்கி அப்பாவிடம் கேட்டான்.

தரணேந்திரன் இலையிலிருந்து நிமிரவே இல்லை.

"சின்னஞ்சிறுசுங்க தனியா போனா ஊரு நாலு விதமா பேசும். பெரியவங்க யாராவது கூட வந்தா போய்ட்டு வாங்க."

அதற்குத்தான் பத்மாம்பாள் அப்படிச் சொன்னாள். அதோடு விட்டாளா?

"அந்தப் புள்ளை வூட்டுல ரூம்பு எத்தினிடா?"

"நமக்குன்னு ஒண்ணு ஒழிச்சுத் தரானாம்மா."

"ஒண்ணு போதும். குளிருக்கு மூணு பேரும் ஒண்ணா படுத்துக்கலாம்."

கிணற்றடியில் கனகமணி பொருமித் தீர்த்தாள். "அத்தைக்கு ஏங்க இப்போ குன்னூரு? போன மாசம் சித்தாமூரு கோயிலுக்கு வண்டியில போனதுக்கே இடுப்பு வலின்னு ரெண்டு நாளு படுத்துட்டாங்க."

"என்ன பண்றது? அம்மா வரலைன்னா நாமளும் போக முடியாது."

"அப்போ நீங்களும் அத்தையும் பேசிக்கினு வாங்க. நான் மலையப் பாத்துக்கினு வரேன்."

ஜீவகன் சிரித்துவிட்டான். கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள். என்ன இருந்தாலும் மலை ரயிலில் ஏறப் போகிறோமே.

அடுத்த நாலு நாளும் வீட்டில் வேறு பேச்சே இல்லை. பத்மாம்பாள் முறுக்கு சுட்டாள். பெட்டியைத் திறந்து திறந்து மூடினாள். "தேயிலைன்னா மரமா, செடியா?" என்று மகனைக் கேட்டாள். "மேகம் வூட்டுக்குள்ளயே வருதாமே, துணியெல்லாம் நனைஞ்சுடாதா?" என்று மருமகளைக் கேட்டாள். கேட்கக் கேட்கக் கனகமணிக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. மாமியார் மட்டும் வராமல் இருந்தால் என்று அவ்வப்போது நினைத்துக்கொண்டதோடு சரி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தரணேந்திரனே ஸ்டேஷனுக்கு வந்து டிக்கெட் எடுத்து, ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்தார். அவர் பிளாட்பாரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, பத்மாம்பாள் வண்டியில் ஏறி மகனுக்கும் மருமகளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். கனகமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விழுப்புரத்தில் இறங்கிக் காட்பாடி வண்டிக்கு மாறவேண்டும். அது வர இன்னும் நேரம் இருந்தது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது ஜைன வீடுகளில் வழக்கம். பெஞ்சில் உட்கார்ந்து பத்மாம்பாள் தூக்கைத் திறந்தாள். இரண்டே இரண்டு பொட்டலம் புளிசாதம் இருந்தது.

"உங்களுக்கு எங்க அத்தை?" என்றாள் கனகமணி.

"எனக்கு என் தங்கச்சி ஆக்கி வெச்சிருப்பா. ரெண்டு தெரு தள்ளித்தான் அவ வூடு. கடுதாசி போட்டுட்டேன்."

கனகமணிக்குப் புரியவில்லை. "அப்போ குன்னூரு?"

"நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. நான் அங்க வந்து உங்க நடுவுல உக்காந்துக்கினு என்ன பண்ணப்போறேன்? நான் வரேன்னு சொல்லலைன்னா உன் மாமனாரு உங்களை அனுப்புவாரா? திங்கக்கிழமை இதே பிளாட்பாரத்துல நிக்கிறேன். மூணு பேரும் ஒண்ணா ஊரு போய்ச் சேரலாம்."

ஜீவகன் பயந்துபோனான். "அப்பா கேட்டா என்னம்மா சொல்லுவே?"

"பொய் சொல்லமாட்டேன்டா. போன ஊரு நல்லா இருந்துச்சான்னு கேப்பாரு. நல்லா இருந்துச்சுன்னு சொல்லுவேன். எந்த ஊருன்னா கேக்கப்போறாரு?"

கனகமணி சட்டென்று குனிந்து மாமியாரின் காலைத் தொட்டாள்.

"எழுந்திரும்மா, பொடவையெல்லாம் கரியாவுது." பத்மாம்பாள் அவளைத் தூக்கி நிறுத்தினாள். "எனக்கும் இதுல லாபம் இருக்குது. தங்கச்சியப் பாக்கணும்னு ஆறு வருசமா கேட்டுக்கினு இருக்கேன். மண்டி, அறுவடை, விருந்தாளின்னு ஒவ்வொரு வாட்டியும் எதுனா ஒண்ணு சொல்லுவாரு மனுசன். இந்த வாட்டி அவரு கண்ணுல மண்ணத் தூவிட்டேன்."

சொல்லிவிட்டுச் சின்னப் பெண்போல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூன்று பேருமே சிரித்தார்கள்.

ஜீவகன் அம்மாவின் மூட்டையைத் தூக்கிக்கொண்டான். ஸ்டேஷன் வாசலில் டிக்கெட் கலெக்டர் கையை நீட்டினார். பத்மாம்பாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தயக்கத்தோடு டிக்கெட்டைக் கொடுத்தாள்.

"குன்னூருக்கு எடுத்ததுங்க. நான் இங்கேயே எறங்கிக்கிறேன். ஒண்ணும் தப்பில்லையே?"

அவர் அந்த அட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"யாரும்மா இதை எடுத்துக் குடுத்தது?"

"எங்க வூட்டுக்காரருதாங்க."

"அவரு சரியாத்தாம்மா எடுத்திருக்காரு. இது விழுப்புரத்துக்கு எடுத்த டிக்கெட்டு."